முப்பத்தேழாம் பக்கம்

கோட்டைமேடு, கோயம்புத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு,

அத்தா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். டெல்லிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாயா என்று உன் அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் கூட வந்து பார்த்த மாதிரி. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் ஒன்றுதான். வருகிற செய்தி, போகிற செய்தி எல்லாவற்றையும் உன் அம்மா சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என் கையில் தருகிறாள். அதனால்தான் தபால்.

போன லீவில் நீ நோட்டில் எழுதிக் கொடுத்த இணையதளங்கள் எல்லாம் நன்றாக உபயோகப்படுகின்றன. மோட்டார் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு பொழுது போகாமல் கிடந்தேனே, அந்தப் பழைய வால்வு ரேடியோ இப்போது பாடுகிறது. அதன் சர்க்யூட் படத்தை யாரோ ஒரு வெள்ளைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறார். அவர் யாரோ, நான் யாரோ. ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. உன் அம்மா குரோஷா பின்னல் படங்கள் பார்த்து டிவிக்கு ஒரு உறை, மிக்சிக்கு ஒரு உறை போட்டுவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்தால் எனக்கும் ஒன்று போட்டுவிடுவாள்.

இனி நீ கேட்ட விஷயம். பழைய சிற்றிதழ்களில் எழுதிய கோவைப் பெண்களைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்வதிலும், அதில் உன் அம்மாவின் அந்த ஒரே கதையைச் சேர்க்க நினைப்பதிலும் எனக்குப் பெருமைதான். நீ அனுப்பிய பழைய பத்திரிகைத் தளத்தைத் திறந்தோம். 1981ஆம் வருஷத்து இதழ். முதல் பக்கத்தில் ஆர்.எஸ்.புரத்தில் முன்பு இருந்த வாசகசாலையின் முத்திரை. பொருளடக்கத்தில் ‘உப்பு – உம்மல் குல்சும் – பக்கம் 37’ என்று இருந்தது. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பேரின் மேல் விரலை வைத்தாள். விரல் பட்டதும் அந்தப் பக்கம் நகர்ந்துபோய்விட்டது. ஏனுங்க, திருப்பிக் கொண்டாங்க, இன்னொருக்கா பாத்துக்கறேன் என்றாள். அப்படி நான்கு தடவை பார்த்தாள்.

பிறகு பக்கம் 36 வந்தது. அடுத்து 41 வந்தது.

தளத்தை நடத்துகிறவர்கள் கீழே ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள், நீயும் படித்திருப்பாய். நான்கு பக்கங்கள் இல்லை, யாரிடமாவது இருந்தால் அனுப்பி உதவுங்கள் என்று. நீ எத்தனையோ நூலகங்களுக்கு எழுதிப் பார்த்தும் வேறு பிரதி எங்கேயும் கிடைக்கவில்லை என்றும், நம் ஊர்ப் பழைய ஆட்களிடம் விசாரியுங்கள் அத்தா என்றும் சொன்னாய். விசாரித்துவிட்டேன் அம்மணி. அந்தப் பழைய ஆள் நான்தான்.

கல்யாணமாகி ஒரு வருஷம். என்னிடம் சொல்லாமல் உன் அம்மா கதையை அனுப்பியிருக்கிறாள். உக்கடத்தில் என் கடையில் நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பம்புசெட் மோட்டார் கொண்டுவந்த சென்னிமலை என்கிற கவுண்டர் சிரித்துக்கொண்டே, ஏனுங்க பாய், தெனமும் கொழம்புல உப்பு பத்தலீனு சண்டை போடறீங்களாமா, பத்திரிகையில உங்க ஊட்டுக்காரம்மா பேருல கதை வந்திருக்குதுங்களே என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே கொதித்தது.

அடுத்த நாள், எங்கள் தபாலெல்லாம் வருகிற கடை முகவரிக்கு உன் அம்மா பேரில் வந்த பிரதியைப் பிரித்துப் படித்தேன். அடுப்பில் போட்டேன். அதோடு விட்டிருந்தால்கூட இன்றைக்கு நமக்கு ஒரு வழி இருந்திருக்கும். சாயங்காலம் வாசகசாலைக்குப் போய், இன்சுலேஷன் பேப்பர் அறுக்கிற பிளேடால் அங்கே இருந்த பிரதியிலும் இரண்டு தாள்களை அறுத்து எடுத்துக்கொண்டேன். எந்தத் தொழிலிலும் எனக்குச் சுத்தம் முக்கியம். தளத்தில் பெரிதாக்கிப் பார், அறுத்த கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்று. கவுண்டர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போகும்போது, கழற்றிய பழைய பேரிங்கை அந்தத் தாளில்தான் சுற்றிக் கொடுத்தேன். இதற்காக நாற்பது வருஷம் கழித்து வெட்கப்படுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரை அடித்திருப்பேன்.

கதை அனுப்பியதைச் சொல்லி, பத்திரிகை வரவில்லையே என்று உன் அம்மா ஒரு மாதம் கேட்டாள். தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். பத்திரிகையும் சீக்கிரமே நின்றுபோயிற்று. அவள் அதன் பிறகு எழுதவில்லை. நானும் அதன் பிறகு உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்க ஊட்டுக்காரர் வெச்சதைச் சாப்புட்டுப்போட்டு எந்திரிச்சுக்குவாருங்க என்று அவள் எல்லோரிடமும் என்னைப் புகழ்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

அன்றைக்கு 41ஆம் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. ஆருக்கோ ரொம்பப் புடிச்சுப்போயி எடுத்துட்டுப் போயிருப்பாங்களாட்ட இருக்குதுங்க, போனாப் போவுது என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

நேற்று அரிசி களைந்துகொண்டே இன்னொன்று சொன்னாள். கதையில் அந்தப் பொம்பளை கடைசியில் என்ன செய்தாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பொம்பளை எல்லோரும் சாப்பிடுவதற்கு முன்னால் தனக்கென்று ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டுக்கொண்டாள். ‘உப்பு சரியாகத்தான் இருந்தது’ என்று கதை முடியும். நான்கு பக்கத்தில் எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். கோபத்தில் படித்தவனுக்கு வேறென்ன மிஞ்சும்? இந்த உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன். இதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். மூன்று தடவை சமையலறை வாசல் வரைக்கும் போய், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

உன் ஆராய்ச்சியில் என் பேரைப் போட்டு, நான் செய்ததை எழுதிவிடு. அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அதைப் படிப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ, கண்ணு. என் பக்கம் பேச வேண்டாம். நான் சொல்லும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள், அது போதும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், எழுதுகிற கைக்குப் பலமும் தரட்டும். என் கடிதங்களின் அடியில் எப்போதும் அம்மா இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவையும் அவளுக்கென்று கீழே இடம் விட்டிருக்கிறேன். அவளிடம் காட்டத் தைரியம் வராமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு மடித்து ஒட்டுகிறேன்.

உன் அத்தா,
ரசாக்.