கொல்லைப் பக்கம் வந்த ரயில்

மச்சான்,

அக்கினி நட்சத்திரம் பிறந்ததும் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து நீ மணக்க ஆரம்பித்துவிடுகிறாய். உன் ரயில் பாதையைப் பிடுங்கி ஏலம் போட்டபோது என் வீட்டுக்காரி தனம் அடம்பிடித்து வாங்கிய, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலீப்பர்க் கட்டைதான் அந்தக் கதவுக்கு நிலை. வெயில் ஏறினால் கட்டையில் தார் கசிகிறது. தாரும் பழைய எண்ணெயும் நிலக்கரிப் புகையும் கலந்த அந்த வாசனை சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, விடுப்பு நாளில் நான் படுத்திருக்கும் பாய் வரைக்கும் வந்து மூக்கைப் பிடித்து ஆட்டுகிறது. செத்த பிறகும் என் வீட்டுக்குள் டிக்கெட் இல்லாமல் வந்துபோகிற ஒரே ஆள் நீதான்.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது உலக வழக்கம். நானும் அதற்காகத்தான் உட்கார்ந்தேன். முதல் வார்த்தையே பொறாமை என்று வந்து விழுகிறது. விழட்டும். உன்னிடம் எனக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியில் ஒன்றாகக் குளித்து, ஒன்றாக அடிவாங்கி வளர்ந்தவர்கள் நாம். ரயில் வேலைக்கும் ஒன்றாகத்தான் போய் நின்றோம். உன்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மார்பளவு அரை அங்குலம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே அளந்தார்கள், மச்சான். உள்ளே அளந்திருந்தால் கையிலிருந்த நாடா பற்றாமல் மெட்ராசிலிருந்து கப்பல் கயிறு வரவழைத்திருப்பார்கள். நீ ரயில் ஓட்டப் போனாய், நான் பஸ் ஓட்டப் போனேன். பெயர் என்னவோ இருவருக்கும் டிரைவர்தான். ஆனால் உன்னை ஊர் ‘டிரைவர் ஐயா’ என்றது. என்னை, ‘யோவ் டிரைவரு, இன்னா, தூங்கறியா?’ என்றது.

அப்படி என்ன பெரிய பாதை உன்னுடையது? வெள்ளைக்காரன் உப்புக்காகப் போட்டது. செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் மலையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சவுக்குத் தோப்புகளுக்குள் புகுந்து, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கமே கால்வாய்க்கரையில் மூச்சு வாங்கி நின்றுவிடும். படகில் வந்து இறங்கும் உப்பையும் சவுக்குக் கட்டையையும் ஏற்றிக்கொண்டு திரும்பும். வாலில் மனிதர்களுக்கென்று இரண்டு பெட்டி. கடலை எட்டிப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லாத ரயில். யுத்தத்தின்போது பாதித் தண்டவாளத்தைப் பிடுங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு எங்கிருந்தோ பழைய இரும்பைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டார்கள். கால்வாய்க்கரையில் எஞ்சினைத் திருப்ப வசதி கிடையாது. அதனால் போகும்போது முகம் காட்டிப் போவாய்; வரும்போது சன்னதியிலிருந்து பின்வாங்குகிற பக்தன் மாதிரிப் பின்னாலேயே வருவாய். இதற்குப் பெயர் ரயில்!

என் பஸ் அப்படியா? அது கிளம்பினால் கடற்காற்றே ஓரமாக ஒதுங்கி வழிவிடும். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் உச்சிவேளைச் சோற்றுக்கு இறங்குவதே என் பஸ் வருவதைப் பார்த்துத்தான். இதைக் கண்டக்டர் வேலுகூட மறுக்கமாட்டான். மறுத்தால் அவனுக்கு டீ கிடையாது.

என் கல்யாணத்தையாவது விட்டுவைத்தாயா? தனத்தின் தாய்வீடு கால்வாய்க்கரை ஸ்டேஷனுக்கு எதிரே. நீ எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, சரியாக முகூர்த்த நேரத்தில் வந்து நின்று விசிலை இழுத்தாய். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. மாமல்லபுரத்துப் பாறைச் சரிவில் உருளாமல் நிற்கிறதே வெண்ணெய் உருண்டைக் கல், அதுவே அன்று ஒரு சாண் நகர்ந்ததாகக் கேள்வி. பந்தல் மொத்தமும் எழுந்து ரயில் பார்க்க ஓடியது. தாலி கட்டும்போது என்னைப் பார்க்க மிஞ்சியவர்கள் புரோகிதரும் ஒரு தவில்காரரும். தவில்காரரும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அடித்தார். தனம்? அவளும் திரும்பினாள். என் முதல் முடிச்சு அவள் பின்னலில் விழுந்தது.

எல்லாம் முடிந்த பிறகு நீ இறங்கி வந்து, கரிக்கையால் என் முதுகில் ஒன்று வைத்து, புதுச் சட்டையில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு, “இன்னா மச்சான், விசிலு எப்டி?” என்றாய். தனத்தைப் பார்த்து, “தங்கச்சி, இனிமே இது உன் வண்டி. நீ வர்லன்னா கிளம்பாது” என்றாய். அன்று அவளுக்கு அண்ணன் ஆனாய். நான் சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானுக்கு முறையும் வந்து சேர்ந்தது.

நான் குடித்தனம் வைத்த வீடும் எனக்கு எதிராகவே சதி செய்தது. வாசலில் ரோடு, கொல்லையில் தண்டவாளம். முன்னால் நான் ஓட்டினேன், பின்னால் நீ ஓட்டினாய், நடுவில் தனம் இருந்தாள். இந்த உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் பஸ் வரும் சத்தம் கேட்டு அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும். ‘அதோ பாரு, டிரைவர் சம்சாரம்’ என்று பஸ்ஸுக்குள் நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காக வீடு நெருங்குவதற்கு முன்பே ரப்பர் பந்து ஹாரனைப் பிழியத் தொடங்குவேன். நான் பிழிந்த பிழியலில் பக்கத்துத் தென்னையின் இளநீரெல்லாம் வற்றிப்போனது. அவள் மட்டும் வரமாட்டாள். உன் விசில் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே தீய, இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு சொம்பு மோருமாகக் கொல்லைக்கு ஓடுவாள். நீ நட்டநடுப் பாதையில் வண்டியை நிறுத்தி, நிதானமாக மோரைக் குடித்து, குழந்தை குளிக்க எஞ்சினிலிருந்து வெந்நீர் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவாய். பெட்டியில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அதே ஜனம்தான் என் பஸ்ஸில் நான் பீடி பற்றவைத்தால் கூச்சல் போட்டது.

தாய்வீட்டுக்குப் போவதென்றாலும் அவளுக்கு உன் ரயில்தான்.

“ஏம்மே, கட்ன புருஷன் பஸ்ஸு ஓட்றான். நீ ரயில்ல போனா ஊர்ல எவன் என்ன மதிப்பான்?”

“உன் பஸ்ஸுல குந்தினா புள்ளைக்கு வாந்தி, எனக்கு மயக்கம், கூடையில கீற கோயிக்கு உசுரே போவுது. அண்ணாத்த வண்டின்னா தூளியில போட்டு ஆட்ற மாரி கீது.”

“அது தூளி இல்லமே. தண்டவாளம் கோணல்.”

“கோணலா இருந்தா இன்னா? சொகமா கீதா இல்லியா?”

இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என்ன வாதாடுவது? உன்னிடமே கேட்டுவிடுவோம் என்று ஒரு நாள் லெவல் கிராசிங்கில் பிடித்தேன். கேட்டைச் சாத்தியிருந்தார்கள். என் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நீ ஊர்வலத்துச் சாமி மாதிரி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தாய்.

“யோவ், காலிப் பெட்டிய இட்டுகினு வந்து என் பஸ்ஸ நிக்க வெக்கிறியே, வெக்கமா இல்ல?”

“நான் வந்தாத்தான் உன் பஸ்ஸு நிக்கிது மச்சான். உள்ள கீறவங்க கொஞ்சம் மூச்சு வுட்டுக்கட்டும்.”

“உன் ரயில நான் நடந்தே முந்துவன்யா!”

“முந்து, யார் வேணான்னா? ஓடறதுக்கு இன்னா, நாய்கூட ஓடுது. நிக்கிறதுக்குத்தான் டிரைவர் வோணும்.”

சிரித்தது யார் தெரியுமா? என்னிடம் டிக்கெட் வாங்கி என் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஆனால் கடைசியில் ஜெயித்தது நான்தான். சவுக்குக் கட்டையை லாரி எடுத்துக்கொண்டது. கால்வாயில் படகு குறைந்தது. உப்பு மூட்டை ரோட்டுக்கு வந்தது. மனிதர்களை நான் அள்ளிக்கொண்டேன். உன் இரண்டு பெட்டிகளிலும் ஆட்டுக்குட்டிகளும் தனமும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தபோது, பாதையை மூடச்சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் முதலாளி லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஓட்டத்தன்று வந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வருஷக்கணக்காக என் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் அன்று உன் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மீன்காரிகள் கற்பூரம் காட்டினார்கள். கால்வாய் உப்புக்கரித்ததே அன்று விழுந்த கண்ணீரில்தான் என்று இனி யாராவது சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. நாளைக்கு என் பஸ் நின்றுபோனால் எவன் அழுவான்? டயர் கடைக்காரன் வேண்டுமானால் அழுவான்.

உன்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். தண்டவாளம் போனது. கொல்லையில் மேடு மட்டும் கிடந்தது, அதன்மேல் ஆடுகள் வரிசையாக நடந்து போயின. இனி அவள் வாசலுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று நான் ஹாரனை முன்னைவிட ஓங்கிப் பிழிந்தேன். அவள் உன் நேரத்துக்குக் கொல்லையில் போய் நின்று ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்தாய். செங்கல்பட்டில் என் பஸ்ஸில் ஏறி, என் இடது பக்கத்து சீட்டில் குந்தி, வழியெல்லாம் என் கியரையும் பிரேக்கையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாய். எங்கள் வீடு தெரிந்ததும், “மச்சான், அத்த ஒரு தபா குடேன்” என்று கையை நீட்டி ஹாரன் பந்தைப் பிடித்தாய். நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

மச்சான், வாசல் கதவு திறந்தது!

தனம் சொம்போடு ஓடிவந்தாள். நான் பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸே மண்டியிட்டது. அவள் சொம்பை நீட்டினாள். அது என் மூக்குக்குக் கீழே, என் மீசையை உரசிக்கொண்டு, உன் கைக்குப் போனது.

“அதான பாத்தேன்! இந்த டப்பா இப்டிக் கூப்புடாதேன்னு. நல்லா கீறியா அண்ணாத்த?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “தெனம் நான் இந்த வாசல்லதான தொண்ட கிழியப் பிழியறேன்? ஒரு நாளாவது வந்தியாமே?”

“பிழிஞ்சிகினே பூடற. நீ நிக்கவா செய்யற? நான் கதவத் தொறக்கறதுக்குள்ள வாசல்ல தூசிதான் நிக்கிது. தூசிக்கு எவளாவது மோர் குடுப்பாளா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. வேலு டிக்கெட்டுகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. மோரைப் பாதி குடித்துவிட்டு, மீதியை என் பக்கம் நீட்டினாய். “இந்தா, குடி. வண்டிய கிளப்பாத. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாய்.

மறுநாளிலிருந்து நான் நிறுத்தத் தொடங்கினேன்.

போன மாசியில், விழுப்புரத்திலிருந்து வந்த ரயில்காரர் ஒருவர் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உன் விஷயத்தைச் சொன்னார். தனத்திடம் சொன்னேன். அவள் போய்க் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாள். அன்றிலிருந்து பகலில் அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை. அதனால்தான் இந்தக் கோடையில் தார் வாசனை கூடத்தையும் தாண்டி வருகிறது.

இப்போதும் தினமும் வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்துகிறேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அவள் சொம்போடு வருகிறாள். ‘அதோ, டிரைவர் சம்சாரம்’ என்று நாலு பேர் சொல்கிறார்கள். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் வாசலுக்கும் கொல்லைக்கும் நேர்கோடாக இருக்கிற வீடு இது. டிரைவர் சீட்டிலிருந்து எல்லாம் தெரிகிறது. ஹாரன் கேட்டதும் அவள் திரும்புவது கொல்லைப் பக்கம்தான். அந்தச் சிலீப்பர்க் கட்டை நிலையில் கையை வைத்து, ஆடுகள் போகிற மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் நடக்கிறாள்.

பின்சீட்டிலிருந்து, “யோவ் டிரைவரு, இன்னாத்துக்கு நிக்கிற?” என்று கத்துகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, மச்சான். எரிந்தாலும் கிளப்பமாட்டேன். அவள் பார்த்துவிட்டு வரட்டும். நான் நிற்கிறேன்.