மன்னிப்புக் கார்டு

செஞ்சி,
14-9-1963

தம்பிக்கு,

நோன்பு முடிந்ததும் நம் ஜைன ஜனங்கள் ஊருக்கெல்லாம் போடுகிற மன்னிப்புக் கார்டு உன்னிடமிருந்தும் வந்தது. "தெரிந்தும் தெரியாமலும் நான் செய்த குற்றங்களைப் பொறுத்தருள்க." எழுத்து முத்து முத்தாக இருந்தது. நானும் ஜினாலயத்தில் எறும்பு முதல் எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

என் மகன் ஸ்ரீபால் நலமா என்று கேட்டிருக்கிறாய். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது போக மிச்சம் நலம்தான். ராஜகிரிக் கோட்டையை ஒரே மூச்சில் ஏறியவனைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

"சீனாக்காரன் குண்டு ஒண்ணும் படலம்மா. மாமா ஷூவுல மூணாம் நாளே பனித்தண்ணி பூந்துடுச்சு" என்கிறான்.

தோல் பாவம் என்று சொல்லிக்கொண்டே, மந்திரியைக் கைக்குள் போட்டுப் பட்டாளத்துக்குக் கித்தான் ஷூ விற்றவன் நீ. நீ பாவம் பார்த்தது மாட்டுக்கு மட்டும்தான்.

நேற்று அந்த ஷூ ஊழலை விசாரிக்கிற அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஸ்ரீபால் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஷூவை, அடியில் உன் கம்பெனி முத்திரை தெரியக் கொடுத்தேன்.

"இது மட்டும் போதாதும்மா. அவரே ஒத்துக்கணுமே" என்றார்.

உன் கார்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இது அவர் எழுத்துதானா?"

"ஆமாங்க, என் தம்பி எழுத்துதாங்க."

பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வருஷா வருஷம் எல்லோருக்கும் எழுதுகிற கார்டுதான் அது என்று நான் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கு அடுத்த நோன்பில் நானும் உனக்கு ஒரு கார்டு போடுகிறேன். எந்த ஜெயில் என்று மட்டும் எழுது.

உன் கூடப்பிறந்தவள்