பீரோவும் மச்சானும்

என்னங்க,

சாப்பாடு மேஜை மேல் இருக்கிறது. என் துணியெல்லாம் உள்ளறையில், வாசலை அடைத்துக்கொண்டு பீரோ. கொடியில் காய்ந்த உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

நேற்று குண்டனும் ஒல்லியும் ஏணி தூக்கும் படத்தைப் பார்த்து நீங்களும் என் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதே சூட்டில் பீரோவைத் தூக்கினீர்கள். "விடுங்க மாமா, விடுங்க!" என்று அவன் கத்தினால் உள்ளே தள்ளச் சொல்கிறான் என்று அர்த்தம். நீங்கள் கையை விட்டீர்கள். பீரோ உள்ளறை வாசல் நிலையில் சிக்கியது, உங்கள் கால் பீரோவில் சிக்கியது.

நான் சிரித்தது தப்புதான். அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுப்பதா? மதியம் தம்பி வருவான். "மாமா எங்கூட பேசுவாராக்கா?" என்று கேட்டான். பேசுங்கள்.

பி.கு.: தைலம் ஃபிரிட்ஜ் மேல். வீக்கம் வடியாவிட்டால் சாயங்காலம் நானே தேய்த்துவிடுகிறேன். சிரிக்காமல் தேய்க்கப் பார்க்கிறேன்.