எஸ்தருக்கு நான் ரைட்டர் பிடித்த கதை

என் அருமை மாப்பிள்ளை தங்கராஜுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே உன்னைக் கேலி பண்ண ஆள் கிடைத்தானா? இங்கே தாராவியில் நான் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அலைகிறேன். உன் அக்கா என் கேலிக்குச் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

உன் மகள் எஸ்தருக்கு நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். மேலே இருந்து பார்த்திருப்பாய். ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அவள் படிக்கும் மாட்டுங்கா காலேஜில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. உடல்குறை உள்ள ஒரு புதுப் பிள்ளைக்கு, தானும் ஏதோ ஒரு குறை உள்ள பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று துணை. மென்ட்டர் என்கிறார்கள். எந்தப் பக்கம் படி இல்லை, எந்த மனுவை யாரிடம் கொடுப்பது, எந்த வாத்தியாரை எப்போது பிடிப்பது, எல்லாம் பட்டவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். கண் தெரியாத நம் எஸ்தருக்கு வாய்த்தவள் செம்பூர் சுபாங்கி. மராட்டிப் பெண். பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருக்கிறவள். பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"கண்ணு தெரியாதவளுக்குக் காலு நடக்காதவளா? நல்ல ஜோடியாத்தான் பாத்துச் சேத்திருக்காவ" என்றேன்.

எஸ்தர் விடுவாளா? "உங்களுக்குத்தான் கண்ணு, காலு எல்லாம் இருக்குல்லா மாமா? அஞ்சாப்பத் தாண்டுனீங்களா?" என்றாள். உன் ரத்தம்.

இரண்டாம் வருஷப் பரீட்சை வந்தது. முன்னால் தவறவிட்ட இரண்டு பேப்பர் ஏற்கெனவே பாக்கி நின்றிருந்தது. இந்த ஒன்றும் போனால் மூன்றாம் வருஷத்தில் உட்கார விடமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவளுடைய ரைட்டருக்குக் காய்ச்சல். கண் தெரியாத பிள்ளை வாயால் விடை சொல்ல, பக்கத்தில் இருந்து தாளில் எழுதுகிற ஆளுக்குத்தான் இங்கே ரைட்டர் என்று பேர்.

"தாராவியில் ஆளுக்கா பஞ்சம், நான் கொண்டு வருகிறேன்" என்று சவடால் அடித்தேன்.

காலேஜ் வாசலில் சுபாங்கி என்னை நிறுத்தினாள். எங்களுக்குள் பம்பாய் இந்திதான், தமிழில் எழுதுகிறேன். காகா என்றால் அங்கே சித்தப்பா. "காகா... ரைட்டர்... வந்து..." என்று தொடங்கினாள். எனக்குப் பொறுமை ஏது? "நல்லாப் படிச்ச ஆளா இருக்கணும், அதானே? எங்க தெருவிலயே பெரிய கெட்டிக்காரியக் கொண்டு வாறேன்" என்று முடித்துவிட்டேன். அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். அந்தத் தலை எப்போதும் ஆடுவதுதானே என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சாயங்காலம் அவள் பேசி அனுப்பிய மெசேஜ் போனில் வந்தது. நாலு நிமிஷம். பத்து விநாடி கேட்டேன், கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

"ரூல் எல்லாம் தெரியும்லா மாமா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"எல்லாம் சுபாங்கி சொல்லியாச்சு. ஆளு யாருன்னு மட்டும் கேக்காத, அங்க வந்து பாரு."

பதினொரு மணிப் பரீட்சைக்குப் பத்தரைக்கே போய்விட்டோம். நான் கொண்டு போனது பக்கத்து வீட்டு பியூலாவை. எம்.காம். படிக்கிறவள், கையெழுத்து அச்சு மாதிரி. பரீட்சை சூப்பர்வைசர் அவள் காலேஜ் கார்டைப் பார்த்தார். "பரீட்சை பி.ஏ., எழுதித் தர எம்.காமா? நடக்காது. ரைட்டர் கீழ் வகுப்பில் படிக்கிறவராக இருக்க வேண்டும். அடுத்த ஆள்" என்றார்.

எஸ்தர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாமா, சுபாங்கி ஒங்ககிட்ட என்ன சொன்னா? முழுசாச் சொல்லுங்க."

முழுசாகக் கேட்டிருந்தால் அல்லவா சொல்ல? அன்றைக்குத்தான் என் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. "நான் கேக்கல தாயி" என்றேன். அவள் சட்டையை விட்டாள். அடித்திருக்கலாம்.

பத்து நாற்பது. பியூலா யாருக்கோ போன் போட்டாள், எடுக்கவில்லை. வராந்தா முனையில் சுபாங்கியின் நாற்காலி வந்தது. நேராக சூப்பர்வைசர் மேஜைக்குப் போய், "சார்... பக்கத்துக்..." என்று தொடங்கினாள்.

"பக்கத்து காலேஜா? அங்கே போக நேரமில்லை."

அவள் மறுபடி, "பக்கத்துக்... கட்டடத்தில்..."

"பெரிய ஆபீஸில் கேட்கவா? அவர்கள் இல்லை."

"லைப்..."

"லைப்ரரியில் உட்கார்ந்து எழுதவா? விடமாட்டார்கள்."

ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. கடிகாரம் பத்து ஐம்பதைத் தாண்டியது. எஸ்தர் சுவரில் சாய்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை மாப்ள. அவசரக்காரர். என் அச்சு.

"சார்," என்றேன், "அந்தப் பிள்ளை முடிக்கட்டும். நாம ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருப்போம்."

அவர் என்னை முறைத்தார். ஆனால் மூடிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஆயிருக்கும். எனக்கு அது ஒரு நாளாக இருந்தது. நடுவில் அவளுக்கு ஒரு சொல் சிக்கியபோது என் நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். அவள் சொன்னது இதுதான்: "பக்கத்துக் கட்டடத்தில் ஜூனியர் காலேஜ். அங்கே லைப்ரரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அடையாள அட்டையோடு காத்திருக்கிறாள். நான்தான் வரச் சொன்னேன். ரைட்டரை மாற்றும் படிவம் உங்கள் மேஜையில் இரண்டாவது டிராயரில் இருக்கிறது."

சூப்பர்வைசர் டிராயரை இழுத்தார். இருந்தது! பியூலா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பரீட்சை தொடங்கும்போது பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. கதவு சாத்தியதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். "உனக்கு எப்படித் தெரியும், நான் சொதப்புவேன்னு?" என்று சுபாங்கியிடம் கேட்டேன்.

"உங்க... கட்டைவிரல... நான்... நம்பல... காகா. நாலு நிமிஷ... மெசேஜுக்கு... பத்து விநாடில... பதில்."

அங்கேயே அந்த மெசேஜைப் போட்டுக் கேட்டேன். முழுசாக. எல்லா ரூலும் வரிசையாகச் சொல்லியிருந்தாள். கடைசியில், "இது வரைக்கும் கேட்டிருந்தா எனக்கு ஒரு சமோசா வாங்கித் தரணும்" என்று ஒரு வரி. போய் நாலு வாங்கி வந்தேன்.

எஸ்தர் வெளியே வந்து, "கடைசிக் கேள்வி பாதிதான் மாமா. ஒங்க பன்னிரண்டு நிமிஷம் அதுல இருக்கு" என்றாள். ஒரு மாதம் அந்தப் பாதிக் கேள்வி என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ரிசல்ட் வந்தது, ஒட்டிக்கொண்டு பாஸ். இப்போது மூன்றாம் வருஷம். திக்கித் திக்கிப் பேசும் ஒரு புதுப் பையனுக்கு இவள் மென்ட்டர். அவன் வீட்டுக்கு வந்தால் என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறாள்.

மாப்ள, இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. ஆஸ்பத்திரியில் வாதம் வந்து உன் நாக்கு விழுந்த பிறகு, கடைசி நாட்களில் என்னைப் பார்த்து "எஸ்தர... எஸ்தர..." என்றாயே. ஒவ்வொரு தடவையும் நான், "பாத்துக்கிடுதேன் மாப்ள, நீ கண்ண மூடு" என்று முடித்துவைத்தேன். நீயும் மூடிக்கொண்டாய். நீ கேட்க வந்தது அதுதானா? எஸ்தரைக் கூட்டி வரச் சொன்னாயா? அவள் சாப்பிட்டாளா என்று கேட்டாயா? அவளைக் கட்டிக் காக்காதே, தன் போக்கில் விடு என்றாயா?

எனக்குத் தெரியவில்லை. அவளிடம் போன வாரம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன். நான் அங்கே வரும் நாளில் முதலில் நீ பேசு. எத்தனை நாள் ஆனாலும் சரி, நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். அதற்கப்புறம்தான் உன்னைக் கேலி பண்ணுவேன்.

உன் அக்காவைக் கட்டிய,
அத்தான் ஞானமுத்து