பீரோ நகர்ந்த மத்தியானம்

மதினி,

நேற்று ஏசி மாட்ட வந்த ஆள் நம் பொதுச்சுவரைத் துளைத்துத் துளைத்து ஓய்ந்துபோனார். "என்னம்மா, கோட்டையா கட்டிவச்சிருக்காக?" என்று வியர்வையைத் துடைத்தார். தரையெல்லாம் பழைய சுண்ணாம்புத் தூள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. அன்று நம் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது இதே தூள்தானே.

எண்பதுகளில் நான் அருப்புக்கோட்டைக்கு மருமகளாக வந்தபோது, இந்தத் தெருவின் வரலாற்றைச் சொன்னவர் நீங்கள்தான். நூல் வியாபாரத்தில் பணம் பார்த்த ஒரு கொள்ளுத்தாத்தா, ஏழு மகன்களுக்கு ஏழு வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினார். முகப்பு குறுகல்; நீளமோ, வாசலில் கூப்பிட்டால் அடுப்படியில் கேட்காது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள். வீட்டுக்கு வீடு பக்கச் சுவரில், குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு சின்ன வாசல். தெருவில் கால் வைக்காமலே ஏழு வீட்டுக்கும் போய்வரலாம்.

"ஒத்துமையா இருக்கட்டும்னு அவுக வாசல் வச்சாக. பேரன்மாரு பீரோ வச்சு அடைச்சாக," என்பீர்கள்.

எங்கள் வீடு, அடுத்து உங்கள் வீடு, அதற்கடுத்து மூலை வீடு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசல் மட்டும் அடைபடவில்லை. மூலை வீட்டோடு தெருவே பேசி ஒன்பது வருஷம். காரணம் கிணறு என்பார்கள் சிலர், முருங்கைமரம் என்பார்கள் சிலர். என் மாமியார் இரண்டும்தான் என்பார். அந்த வீட்டுக்கு மட்டும் பக்கத்துச் சந்தில் இறங்க ஒரு கதவு உண்டு. நமக்கோ மத்தியான ஆட்டம் சினிமா பார்க்கவேண்டும். தெருவாசலிலோ நாற்காலி போட்டு என் மாமியார்.

"மூல வீட்டுக்காரவுக குடும்பத்தோட காரியாபட்டி கல்யாணத்துக்குப் போயிட்டாக. பீரோவத் தள்ளிட்டுச் சந்துல எறங்கிருவோம், வா."

"அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய பொறந்த வீட்டுக்கே, திருச்சுழிக்கு, பஸ்ஸு ஏத்தி விட்ருவாக மதினி!"

"நானும் கூட வாரேன், வாடி."

தோளைக் கொடுத்து முட்டினோம். சுண்ணாம்பு உதிர்ந்தது, அந்தப் பக்கத்து பீரோ நகர்ந்தது. வெள்ளைத் தலையோடு குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், கூடம் நிறைய ஆட்கள். யாரும் காரியாபட்டிக்குப் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள்!

நீங்கள் முந்தானையால் தலையைத் தட்டிவிட்டு, கேசரித் தட்டோடு நின்ற மூலை வீட்டு அம்மாவிடம், "என்னக்கா, ஒத்தையில கஷ்டப்படுறீக? ஒரு கொரல் குடுத்தா வர மாட்டமா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டீர்கள். என் கைக்குக் காப்பித் தட்டு வந்தது.

பிறகுதான் தெரிந்தது. சரியாக அந்த நிமிஷம்தான் மாப்பிள்ளையின் தாயார், "தெருவுல ஒருத்தரும் ஒங்களோட பேச மாட்டாகளாமே?" என்று கேட்டிருக்கிறார். பதில் சுவருக்குள்ளிருந்து வந்துவிட்டது. சம்பந்தம் அன்றே முடிவாயிற்று.

சாயங்காலம் மூலை வீட்டு அம்மா பூவும் பழமுமாக எங்கள் வாசலுக்கே வந்து, என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பழச மறந்து மருமகள அனுப்பி வச்சீகளே!"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதுக்கென்ன, நம்ம புள்ளதானே," என்றார் ஒருவழியாக. அந்த அம்மா போன பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஆட்டத்துக்குடி கெளம்புனீக?"

கல்யாணத்தன்று மாமியாரும் அந்தச் சின்ன வாசல் வழியாகவே போனார். யாருக்கும் தலை குனியாதவர். நிலை நெற்றியில் இடித்த பிறகு குனிந்தார்.

போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது, உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு ஊரே திரண்டது. துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் தயங்கி நிற்பவர்களைக் கண்டால் குரல் கொடுக்கிற பழக்கம் உங்களிடமிருந்து தொற்றியது, இன்னும் போகவில்லை. யாரோ ஒரு குடும்பம் உள்ளே வரக் கூசி வெயிலில் நின்றது. "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்றுவிட்டேன். கூட்டமே திரும்பி என்னை முறைத்தது.

அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், மதினி.