திருப்பி அனுப்பும் மாத்திரைகள்

ஒரூரோ,
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கசிமிரோவுக்கு,

அக்கா சபினா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உன் அத்தானைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். புவனோஸ் ஐரஸில் குளிர் எப்படி? இங்கே குழாயில் தண்ணீர் உறைந்து, வெயில் ஏறிய பிறகுதான் சொட்டுகிறது.

பக்கத்து வீட்டு ஹுஸ்தா நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு என்னிடம் வந்தாள். காலுறைக்குள் சுருட்டி நீ கொடுத்தனுப்பிய மாத்திரைகளைக் கொடுத்தாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “ஆஸ்பத்திரியில காசநோய்க்குக் குடுக்குறதுல பாதியத்தான் உன் தம்பி முழுங்குறான். மீதிய அத்தானுக்குன்னு எடுத்து வைக்கிறான். அக்காகிட்ட சொல்லிடாதேன்னான், எனக்குத்தான் மனசு கேக்கல” என்றாள். அவளுக்கு ஒரு வாய் சூப் கூடக் கொடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

அத்தானுக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ தையல் வேலைக்கு அங்கே போய்விட்டாய். காசநோய்க்கு மருந்து ஆரம்பித்து, இருமல் நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்த நேரத்தில் கார்னிவல் திருவிழா வந்தது. சுரங்கத் தாய் மாதாவுக்கு மூன்று வருஷம் பேய் வேஷம் கட்டி ஆடுவதாக நேர்ந்துகொண்டவர். அது கடைசி வருஷம். ஆடுகிறவனால், யாராவது நீட்டிய பீர்க் கோப்பையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பூமித் தாய்க்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தே ஆகவேண்டும். “மருந்தும் பீரும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, ஆளையே தூக்கிரும்டா” என்று ஆட்டக் குழுவில் எல்லோரும் பயமுறுத்தியிருக்கிறார்கள். அதனால் இவர் பீரை விடவில்லை, மாத்திரையை விட்டார்.

திருவிழா முடிந்ததும் ஆரம்பிக்கிறேன் என்றார். திருவிழா முடிந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒடிலியா வீடு தேடி வந்தபோது, “நான் வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லு” என்று கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பேய் வேஷத்தில் ஊரையே நடுங்க வைக்கிற மனுஷன்.

மறுபடி இருமல் வந்தபோது அதே மாத்திரைகள் கேட்கவில்லை. ஒடிலியா திட்டவில்லை. “குறைச்சலா சாப்பிட்டாலும் பாதியில விட்டாலும் கிருமி சாகாதுங்க. அந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்கப் பழகிக்கும்” என்று மட்டும் சொன்னாள். பிறகு போட்ட ஊசிகள் காதை மந்தமாக்கியதுதான் மிச்சம். அதனால் கேள், தம்பி. நீ அனுப்பியது அவர் உடம்பில் வேலை செய்யாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அக்கா வீட்டுக்குப் பங்கு அனுப்ப அது ரொட்டி இல்லை. உனக்குள் இருக்கும் கிருமியையும் நீ அப்படியே பழக்கிக்கொண்டிருக்கிறாய்.

இதெல்லாம் தெரிந்தும், ஒரு மாத்திரையை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். வேறு என்ன செய்வேன், சொல். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அது கசிமிரோவோடது. நான் தின்னா அவனையே தின்ன மாதிரி. திருப்பி அனுப்பிடு” என்றார். அவ்வளவு பேசியதற்கே வெகுநேரம் மூச்சு வாங்கியது. இப்போது சூப்பும் இறங்குவதில்லை.

ஹுஸ்தா செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறாள். மாத்திரைகளை இந்தக் கடிதத்தோடு அவளிடமே கொடுக்கிறேன். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், செய்ததை ஒளிக்காமல் சொல். அவர்கள் ஏசினால் வாங்கிக்கொள். மறுபடி முதலிலிருந்து என்றாலும் சரி என்று சொல். தையல் கூடத்து முதலாளிக்கு நோய் தெரிந்து வேலை போனால் போகட்டும்.

அத்தானைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். வராதே. வழியிலும் நாட்டு எல்லையிலும் நிற்கிற நாளில் மருந்து விட்டுப்போகும். இங்கிருந்து உனக்கு ஒரு போன் வரும், கசிமிரோ. அதிக நாள் ஆகாது. அதைக் கேட்டதும் பஸ் ஏறிவிடாதே. அவரைத் தூக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தம்பி என்று நீ ஒருவன்தான். அன்றைக்கும் மாத்திரைகளை ஒன்று விடாமல் விழுங்கு. விழுங்கிவிட்டு அழு.

சுரங்கத் தாய் உன் நெஞ்சில் கைவைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
சபினா