எழுத்துப் போடாத வரைபடம்

ராயபுரம்,
9-8-1953, ஞாயிறு,
காலை ஆறு மணி பத்து நிமிடம்.

தாவூதுக்கு,

நாற்காலி முப்பத்திரண்டு, மேசை எட்டு. இரண்டு கட்டைவண்டியில் ஏற்றிப் போய் டோல்கேட்டில் பவுனம்மாள் அக்காவின் ஓட்டலில் நேற்று மாலை இறக்கினேன். எண்ணிக்கை சரி. ஓட்டல்தான் தவறு.

சமையற்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் கை கழுவும் தொட்டி நிற்கிறது. தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பு மேடை. கல்லா இடது பக்கம் போய்விட்டது. வெளிச்சுவரும் சந்துக் கதவும் பழையவை, அவை மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன; உள்ளே மொத்தக் கடையும் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. மூன்று வாரமாக நான் ராயபுரம் மருந்துக் கடை வேலையில் கிடந்ததால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆசாரியிடம் கத்தினேன். அவர் புளூபிரிண்டை விரித்துக் காட்டினார். அதில் இருப்பதை அங்குலம் பிசகாமல் கட்டியிருக்கிறார்.

நடந்தது இதுதான். நீ பம்பாய்க்கு ரயிலேறிய அன்று டிரேசிங் தாளில் கோடு மட்டும் போட்டுவிட்டு, எழுத்தை என்னைப் போடச் சொன்னாய். எனக்கு அவசரம். அளவுகளைத் தனித் தாளில் ஆசாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எழுத்தே இல்லாத டிரேசிங்கைப் பிரிண்டுக்கு அனுப்பினேன். இரு பக்கமும் கோடு தெரியும் தாள்; அங்கே அதைக் குப்புறப் போட்டு எடுத்திருக்கிறார்கள். 'கல்லா' என்று ஒரு சொல் அதில் இருந்திருந்தால், திரும்பியிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். வெறும் கோட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? பாதிக் குற்றம் உன்னுடையது.

அக்கா வந்து நடுக் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சந்துக் கதவு வழியா வெறகு வரும்னு சொன்னியே நைனா. இப்ப அடுப்பு அந்தாண்ட கீது. சாப்பிட்றவன் தலை மேலயா வெறகத் தூக்கினு போவேன்?"

ஆவணி பிறந்ததும் இருபதாம் தேதி திறப்பு. இடித்துக் கட்டினால் ஒரு மாதம் தள்ளும். மீன் கூடை சுமந்து சேர்த்தது அத்தனையும் அந்தச் சுவரில்தான் நிற்கிறது. இது கெட்டால் அவருக்கு மீண்டும் கூடைதான். நமக்கும் வடசென்னையில் யாரும் கடை கட்டும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உன் தங்கை ஜீனத்தை மார்க்கெட்டில் பார்த்தேன். ஆறு மாத வேலை முடிந்ததும் உன்னை அங்கேயே நிரந்தரமாக்கப் போகிறார்களாம். இதை நான் கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்று கேட்க வேண்டுமா? உன் இஷ்டம். இடிப்பதா வேண்டாமா, அதை மட்டும் உடனே எழுது.

கோதண்டம்

நலமா?

*

பம்பாய்,
12-8-1953

அன்புள்ள கோதண்டம் மாமுவுக்கு,

நலமே. கையெழுத்துக்குக் கீழேயாவது கேட்டாயே, அந்த மட்டும் சந்தோஷம். உன் கடிதத்தை டிராமில் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நிரந்தரம் என்றது உண்மை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'உன் இஷ்டம்' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதுவாய் என்று தள்ளிப்போட்டேன். எழுதாமலே அந்தப் பதில் வந்துவிட்டது.

இங்கே பெரிய ஆபீஸ், மின்விசிறி, நல்ல சம்பளம். வந்த நாளிலிருந்து ஒரு பாங்கியின் படிக்கட்டுக் கைப்பிடியை வரைந்துகொண்டிருக்கிறேன். இதைப் பிடித்து ஏறப் போகிறவர்கள் யார் என்று ஒரு நாள் கேட்டேன். மேலதிகாரி எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்.

இடிக்காதே மாமு. அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டுப் போய் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார். எல்லா நாற்காலியிலும் மாறி மாறி உட்கார். மருந்துக் கடையில் பெஞ்சு எதற்கு, அலமாரி போடலாம் என்று நீ சண்டை போட்டாயே, மிக்ஸ்சர் மருந்து கலக்கித் தரக் காத்திருப்பவர்கள் இன்று எங்கே உட்காருகிறார்கள்? அதேபோல் இங்கேயும் பார். சந்துக் கதவைத் திறந்து வைத்து, அந்தப் பக்கம் யார் போகிறார்கள் என்று எனக்கு எழுது.

என்றும் உன்
தாவூது

*

ராயபுரம்,
21-8-1953

தாவூது,

நேற்று ஓட்டல் திறந்தாயிற்று. இடிக்கவில்லை.

நீ சொன்னபடி உட்கார்ந்தேன். ஆசாரி என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார். முதல் நான்கு மணி நேரம் ஒரு பிரயோஜனமும் இல்லை, உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குமேல் காசிமேட்டிலிருந்து மீன்காரப் பெண்கள் கூடையோடு சந்து வழியே வந்தார்கள். திறந்த கதவுக்குள் தொட்டியும் குழாயும் அவர்கள் கண்ணில் பட்டன. பச்சையம்மா என்றொரு அம்மாள் தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன். கூடைகளைச் சந்து நிழலில் இறக்கிவிட்டு எல்லாரும் வந்து கழுவினார்கள். கழுவிவிட்டு நின்றார்கள். உட்காரச் சொன்னேன். வேண்டாம், நாற்றமடிக்கும் என்று போய்விட்டார்கள்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். டோல்கேட்டில் மீன்கூடைக்காரியை உள்ளே விடும் ஓட்டல் கிடையாதாம். டீயை ரோட்டில் நின்றுதான் குடிப்பார்களாம். அக்காவும் அப்படித்தான் குடித்திருக்கிறார். இதே ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன், நான் கவனித்ததில்லை.

மறுநாளே சந்துப் பக்கத்து மேசை இரண்டை எடுத்துவிட்டுச் சுவரோரம் நீளமாகப் பெஞ்சு போட்டேன். வெளியே கூடைக்கு ஓலைச் சாய்ப்பு இறக்கி, கீழே கல் பாவினேன். விறகு? விடியுமுன் ஆள் இல்லாத நேரத்தில் முன்வாசல் வழியே வந்துவிடும். அடுப்பு மேடைக்கு எதிரே மூடி போட்ட பெட்டி செய்தேன், ஒரு நாள் விறகு அடங்கும். அளவு கேட்டால் எழுதுகிறேன். நீ கேட்க மாட்டாய்.

திறப்பன்று பச்சையம்மா சந்து வாசலில் நின்று தயங்கினார். அக்கா கல்லாவை விட்டு எழுந்து போய்க் கையைப் பிடித்தார். "உள்ள குந்துடி. நம்ம வூட்டு ஓட்டலு. கூடை எங்கியும் பூடாது."

உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார, பெஞ்சு நிறைந்தது. பச்சையம்மா ஒரு டீ குடித்து முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினார். அதைக் குடிக்கவில்லை. சும்மா முன்னால் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார்.

நான் வேண்டுமென்றே திருப்பிப் போட்டதாக அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது தவறுதலாக நடந்தது என்று மறுபடியும் விளக்கினேன். "தப்போ சரியோ, குந்த எடம் கெட்ச்சுதா இல்லியா? மூடினு தோசை துன்னு" என்றார். தோசை நன்றாகவே இருந்தது.

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடை லியாகத் அலி பாய் அங்கே சாப்பிட வந்தார். பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கடையையும் நம் கையில் விடுவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாடி. நான் அளவெடுப்பேன், மரம் வாங்குவேன். புடவை பார்க்க வருகிறவள் இடுப்புக் குழந்தையை எங்கே இறக்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொன்று நெருங்குகிறது. உன் இஷ்டம்.

கோதண்டம்

*

பம்பாய்,
24-8-1953

அன்புள்ள மாமு,

பச்சையம்மாவின் இரண்டாவது டீயை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அறையில் கூட இருக்கும் பையன்களுக்கு இந்தியில் சொல்லிக் காட்டினேன், அவர்களும் கைதட்டினார்கள். பவுனம்மாள் அக்காவுக்கு என் சலாம் சொல்.

ஆனால் ஒரு மனத்தாங்கல். நீ எனக்கு அனுப்புவதும் எழுத்துப் போடாத வரைபடமாகத்தான் இருக்கிறது. 'உன் இஷ்டம்' என்பதை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தால் 'அங்கேயே இரு' என்கிறது. திருப்பிப் பிடித்தால் 'வந்துவிடு' என்கிறது. நான் எந்தப் பக்கம் வைத்துப் படிப்பது? இங்கே இருந்துகொள் என்றாலும் கோபிக்க மாட்டேன். தெளிவாக எழுது.

உன்
தாவூது

*

ராயபுரம்,
27-8-1953, வியாழன்,
மாலை நான்கு மணி நாற்பது நிமிடம்.

அன்புள்ள தாவூது,

எண்ணிக்கை: ஒன்று. ஒரே ஒரு சொல்.

வா.

குப்புறப் போட்டாலும் தவறாகப் படிக்க முடியாதபடி பெரிதாகவே எழுதியிருக்கிறேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். அப்போதும் எனக்கு அவசரம். பெட்டியிலிருந்து தபால் எடுக்க ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுவான், ஆகையால் மீதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். இனி நான் செய்யப் போவது:

1. பெஞ்சு போட்டதில் எட்டு நாற்காலி மிச்சம். அதில் ஒன்றை வாங்கி வந்து, நம் ஆபீஸ் ஜன்னலோரம் உனக்குப் போடுவேன்.

2. வாசலில் போர்டு மாட்டுவேன். உன் பெயர் முதலில். சின்னப் பெயர் என்பதால்தான், வேறு காரணம் தேடாதே.

3. லியாகத் அலி பாய் கடைக்கு நீ வரும்வரை ஒரு கோடுகூடப் போட மாட்டேன். அவர் கடையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பழகிவிட்டது.

4. உனக்கு வஞ்சிரக் குழம்பு வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவைப்பேன். மீன் பச்சையம்மா பொறுப்பு.

5. நீ ஏறும் நாளை எழுது. எழுதாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் பம்பாய் மெயிலுக்கு சென்ட்ரலில் நிற்பேன், ரயில் தாமதமானால் உன்னைத்தான் திட்டுவேன்.

உன்
கோதண்டம்